திட்டில் மிஞ்சிய ஒற்றை மாடு

“…மாட்டைக் கேக்க வந்திருக்கியே தம்பி, அன்னிக்கு உன் மாட்டை அவுத்து ஓட்டிக்கிட்டுப் போனியே, என் மாடு ஒத்தையில நின்னு என்னா பண்ணும்னு ஒரு நிமிசம் நெனைச்சியா?”

அத்தை இப்படிக் கேட்டது எங்கள் அப்பாவை. அவள் வீட்டு வாசலில், ஊர் முழுக்க நின்றுகொண்டிருக்கும்போது கேட்டாள். அப்பா அவளுக்கு ஒரே தம்பி. அவரும் அவருக்குப் பின்னால் நின்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அத்தை என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு குணம் இருக்கிறது, உங்களுக்கே தெரியும். சேதியை நேராகச் சொல்ல வராது. சுற்றிக்கொண்டுதான் வருவோம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது ஞாபகம் வந்ததே என் மகனால்தான். அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அஞ்செட்டிக்கு மேலே மலைக் கிராமங்களில் ஏழை விவசாயிகளுக்கு இலவசமாக உழுது கொடுக்கப் போகிறார்களாம். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். “மாடு இருக்குதா, இல்லையான்னு கேப்போம்மா. இல்லாதவங்களுக்கு மொதல்ல உழுதுடுவோம்.” நல்ல மனசுக்காரன். அவன் தட்டில் குழம்பு ஊற்றினேன். “எத்தனை மாடுன்னு கேப்பீங்களா?” என்றேன். “அதெல்லாம் எதுக்கும்மா? இருக்குது, இல்லை, அவ்வளவுதான்” என்றான்.

நான் பிறந்த இடத்தை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது போனாலும் பார்க்க முடியாது, மணல் அள்ளியே கரைத்துவிட்டார்கள். தென்பெண்ணை ஒரு இடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய், மறுபடியும் ஒன்றாகச் சேரும். அந்த இடைப்பட்ட மண்ணுக்குத் திட்டு என்று பெயர். பத்துப் பன்னிரண்டு வீடுகள் இருந்திருக்கும். வெயில் காலத்தில் மணலில் நடந்தே அக்கரைக்குப் போகலாம். மேலே பெங்களூர்ப் பக்கம் மழை அடித்தால் எங்களுக்கு ஒரு தூறல்கூட இல்லாமலே இரண்டு பக்கமும் தண்ணீர் வந்துவிடும். அப்புறம் பரிசல்தான். பரிசலும் ஓடாத நாட்கள் உண்டு. அப்போது உப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

எங்கள் பக்கம் கொல்லை என்றால் உழுது விதைக்கிற நிலம். திட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கொல்லை, அதில் ராகி, ராகிக்கு நடுவே ஒரு சால் அவரை. வேறு எதுவும் கிடையாது. ராகி விளைந்தால் வருஷம் முழுக்கக் களி. விளையாவிட்டால் அக்கரைக்குப் போய்க் கல் உடைக்கிற வேலை.

இப்போது முக்கியமான விஷயம். திட்டில் எந்த வீட்டிலும் ஜோடி மாடு கிடையாது. மேயவிட இடம் எங்கே இருக்கிறது? ஒரு வீட்டுக்கு ஒரு மாடு. இரண்டு வீடு சேர்ந்தால் ஒரு ஏர். இன்னார் மாட்டுக்கு இன்னார் மாடு ஜோடி என்று என்றைக்கோ முடிவாகி இருக்கும். இரண்டு கன்றையும் ஒன்றாகப் பழக்குவார்கள். எங்கள் வீட்டுச் செவலைக்கு அத்தை வீட்டு மயிலை ஜோடி. செவலை வலது பக்கம்தான் நிற்கும், மயிலை இடது பக்கம்தான். மாற்றிக் கட்டினால் இரண்டும் கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். மாமா இறந்த பிறகு அத்தையின் கொல்லையையும் எங்கள் அப்பாவே உழுதார். முதல் நாள் அக்கா கொல்லை, மறுநாள் எங்கள் கொல்லை. அதை யாரும் பேசி வைத்ததில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம், ஆறு காய்ந்து கிடந்தபோது, மணலில் ஒரு ஜீப் வந்தது. தர்ம காரியம் செய்கிற ஒரு சங்கம். ஓசூரில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு கம்பெனியில் பெரிய வேலையில் இருந்த ஒருவர்தான் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. அவரை எல்லோரும் ஐயா என்றார்கள். திட்டுக்காரர்கள் படும் பாட்டை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். டிராக்டர் கொண்டுவந்து சும்மாவே உழுது கொடுப்பதாகச் சொன்னார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் களி போட்டார்கள். களியை மெல்லக்கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மென்று மென்று அது பல்லெல்லாம் ஒட்டிக்கொள்ள, தாடை நோக, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் ஒரு கவளம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். “ரொம்ப நல்லா இருந்ததும்மா” என்று அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். ஆண்கள் போன பிறகு அம்மாவும் அத்தையும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “பாவம் அண்ணி, அவரு பொய்ப்பல்லு கழண்டு விழுந்துடும்னு நான் பயந்தே போயிட்டேன்” என்றாள் அம்மா. அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்த கடைசித் தடவை அதுதான்.

ஐயா ஒவ்வொரு வாசலுக்கும் போனார். ஒரே கேள்விதான். “மாடு இருக்கா?”

இந்த இடத்தில்தான் எங்கள் ஜனங்களின் புத்தி வேலை செய்தது. திட்டில் ஒருவனைப் பார்த்து “உங்கூட்டுல மாடு இல்லையா?” என்று கேட்டால் அது வசவு. மாடு இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். ஒன்று வைத்திருந்தாலும் “மாடு இருக்குது, ஏர் இருக்குது” என்றுதான் சொல்வோம். ஜோடி வீட்டுக்காரன் மாடும் நம் மாடு மாதிரிதானே என்கிற நினைப்பு. அதனால் எல்லோரும் “இருக்குதுங்க, இருக்குதுங்க” என்று தலையை நிமிர்த்திச் சொன்னார்கள். ஒருவராவது ‘ஒன்றுதான் இருக்கிறது, அது பாதி ஏர்’ என்று விளக்கவில்லை. ஐயாவுக்கும் அப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று எப்படித் தெரியும்? அவர் முகம் வாடிவிட்டது. “மாடு இல்லாதவங்களுக்குத்தான் எங்க உழவு. இருக்கறவங்களுக்குக் கொடுத்தா மத்த ஊர்ல என்னைக் கேப்பாங்க” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வருவதாக ஜீப்பில் ஏறிப் போனார்.

அந்த வாரம் திட்டில் மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. முதலில் செவலையை அவிழ்த்தது எங்கள் அப்பாதான். அம்மாவுக்கு அந்த வருஷம் இடுப்பு சரியில்லை, புல் அறுக்கக் குனிய முடியாது. மாடு இல்லையென்றால் டிராக்டர் உழுதுவிடும், தீனிக்குத் திண்டாடுவானேன் என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தடுப்பாள் என்று தெரியும். விடியற்காலையில் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் மற்றவர்களும். ஒரு வீட்டு மாடு போனால் ஜோடி வீட்டு மாடு சும்மா நிற்கும். சும்மா நிற்கிற மாட்டுக்கு எத்தனை நாள் தீனி போடுவார்கள்? அதுவும் போகும். ஒரு வாரத்தில் திட்டில் சாணி வாசமே இல்லாமல் போய்விட்டது. வாசல் தெளிக்கச் சாணி கேட்டு என்னைப் போன்ற பிள்ளைகள் கூடையோடு அத்தை வீட்டுக்குப் போனோம். மாடு இருந்தது அங்கே மட்டும்தான்.

அத்தை விற்காமல் இருந்தது ஏதோ பின்னால் வரப்போவதைக் கண்டுகொண்டதால் என்று நினைக்காதீர்கள். அப்படி முன்யோசனைக்காரி எல்லாம் இல்லை அவள். வரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஆற்றில் வடகம் காயப் போடுகிறவள். அவளுக்கு அந்த மயிலையை விட மனசில்லை, அவ்வளவுதான். மாமா போனபின் வீட்டில் மூச்சு விடுகிற ஜீவன் அது ஒன்றுதான். அதோடு பேசுவாள், திட்டுவாள், “சாப்ட்டியா ராசா?” என்பாள்.

டிராக்டர் வந்தது. இந்தத் தடவை மாடு இல்லை என்று சொன்னவர்களுக்கெல்லாம் உழச் சொன்னார் ஐயா. மணலில் அது உறுமிக்கொண்டு ஏறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டிராக்டர் ஓட்டி வந்தவர் ஜவளகிரிக்காரர். பாதி கன்னடம், பாதி தமிழ். பின்னால் சட்டி சட்டியாக இரும்பு மாட்டிய கலப்பை. அது மண்ணைக் கிழித்தபோது, எங்கள் மரக்கலப்பை என்றைக்கும் தொடாத ஆழத்திலிருந்து கருப்பாக, எண்ணெய் தடவினாற்போல் மண் புரண்டு வந்தது. டீசல் வாசமும் ஈர மண் வாசமும் கலந்து ஒரு மயக்கம். கொக்குகள் பின்னாலேயே நடந்தன, நாங்களும் நடந்தோம். கட்டிகள் எங்கள் தலையைவிடப் பெரியவை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி விளையாடினோம். ஒரு நாள் வேலையை அரை மணியில் முடித்ததாக ஆண்கள் வாய் பிளந்தார்கள். “கட்டி பெருசா இருக்குதேப்பா” என்று ஒருவர் கேட்டதற்கு, “இது மொதல் உழவு. வர வாரம் கொத்துக் கலப்பை மாட்டிக்கிட்டு வர்றேன், ஒரே ஓட்டுல பொடியாயிடும். ஏன் பயம்?” என்றார் ஓட்டுநர். நியாயமான பேச்சு. முறையும் அதுதான்.

அத்தை கொல்லை வந்தபோது டிராக்டர் வரப்போரம் நின்றது. ஐயா மயிலையைப் பார்த்தார். “உங்களுக்குத்தான் மாடு இருக்கேம்மா.”

“சாமி, ஒத்தை…” என்று ஆரம்பித்தாள் அத்தை. பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அந்த வார்த்தையை எடுத்துச் சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பாள். இலவச உழவுக்காகவே மாட்டை விற்றது தெரிந்தால் தனக்கும் உழவு இல்லை என்றாகிவிடுமோ என்று அவர் பயந்தாரோ என்னவோ, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினார்.

“ஆமா சாமி. எனக்கு இருக்குது” என்றாள் அத்தை. மாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பிடிவாதத்தை அப்போது எல்லோரும் திமிர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று எனக்கு அன்றைய அத்தையைவிட வயது கூடிவிட்டது. தம்பியை வெளியாள் முன்னால் பொய்க்காரனாக்க மனசு வராமல்தான் உள்ளே போனாள் என்று இப்போது தோன்றுகிறது. யாருக்குத் தெரியும்? கேட்க ஆள் இல்லை.

ஓட்டுநர் சொன்ன அந்த வாரம் வரவில்லை, ஆறு வந்தது. ஒரு நாள் மத்தியானம் நாய்கள் எல்லாம் ஆற்றைப் பார்த்துக் குரைத்தன. பார்த்தால் நுரையும் செத்தையுமாக, காபி நிறத்தில் தண்ணீர். அக்கரையில் டிராக்டர் வந்து நின்றதைப் பார்த்தோம். கொத்துக் கலப்பைதான் மாட்டியிருந்தது. ஆண்கள் இங்கிருந்து கத்தினார்கள், கையை ஆட்டினார்கள். ஓட்டுநர் மணலில் இறங்கி, முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து பார்த்தார். “பேடப்பா, ஆகல்லா! ஆகாது!” என்று இரண்டு கையையும் விரித்தார். ரொம்ப நேரம் நின்றார். இருட்டும் முன் போய்விட்டார். மாடு விற்ற பணத்துக்கு வேறு மாடு வாங்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஓட்டத்தில் மனிதனையே பரிசல்காரர் ஏற்ற மாட்டேன் என்றார். மாட்டை எதில் ஏற்றுவது?

திட்டைச் சுற்றித் தண்ணீர், திட்டுக்குள் ஒரு தூறல் இல்லை. ஆடி வெயில் அடித்தது, காற்று வீசியது. புரட்டிப் போட்ட கட்டி எல்லாம் காய்ந்து செங்கல் ஆயிற்று. ராகி விதை எவ்வளவு சின்னது என்று உங்களுக்குத் தெரியும். மண் பொடியாக இருந்தால்தான் பிடிக்கும். கட்டிக்கு நடுவில் விதைத்தால் சந்தில் விழுந்து புதைந்துபோகும், இல்லையென்றால் எறும்பு இழுத்துக்கொண்டு போகும். மற்ற வருஷங்களில் உழுத கையோடு ஜோடி மாட்டைக் கட்டிப் பரம்புப் பலகை இழுப்பார்கள். நீளமான கனத்த பலகை, கொல்லையை ஒரே சீராக நிரவிவிடும். இப்போது பலகை இருந்தது, இழுக்க மாடு இல்லை.

உலக்கையால் அடித்தார்கள், மண்வெட்டியால் தட்டினார்கள். அம்மா இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே கட்டையால் அடிப்பாள். கை கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, சாப்பிடும்போது குழம்பு பட்டால் கையை உதறுவாள். நாள் முழுக்க அடித்தும் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் மண் பொடிந்தது. அப்பா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். குதிரில் ராகி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. விதைக்கு வைத்திருந்த ராகியை எடுத்து அரைக்கலாமா என்று ஒரு நாள் அம்மா கேட்டாள். “அதையும் தின்னுட்டா அப்புறம் மண்ணைத்தான் திங்கணும்” என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

வரப்புக்கு அந்தப் பக்கம் அத்தை தன் கொல்லையைத் தனியாகக் கொத்திக்கொண்டிருந்தாள். ஒற்றை மாட்டை வைத்து ஏர் கட்ட முடியாது. கொத்துதான். காலையில் போனால் வெயில் சாய்ந்துதான் வருவாள். ஒரு நாள் அப்பா மண்வெட்டியோடு அவள் கொல்லைக்குப் போனார். “என் வரப்புல கால் வெச்சா காலை வெட்டுவேன்” என்றாள். திரும்பி வந்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் என் வழியாகத்தான் பேச்சு. “பாப்பா, உங்கம்மாவுக்கு இந்தத் தைலத்தைக் குடு. நான் குடுத்தேன்னு சொல்லாதே.” “பாப்பா, அத்தைக்குக் கஞ்சி இருக்குதான்னு சட்டியை எட்டிப் பாத்துட்டு வா.” எட்டிப் பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது. மயிலைக்குத் தண்ணீர்த் தொட்டி மட்டும் நிறைந்திருக்கும்.

ஆவணி பிறந்து சில நாளில், ஒரு சாயங்காலம், மழை வந்தது. பெரிய மழை இல்லை. கோணிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் தலையில் மாட்டிக்கொள்வோமே, கொங்காணி, அதை மாட்டிக்கொண்டு எல்லோரும் அவரவர் கொல்லைக்கு ஓடினார்கள். அப்பா ஒரு கட்டியை எடுத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். உடனே அது வடிந்தும் போனது. மறுநாள் வெயில் ஏறினால் கட்டி மறுபடி இறுகிவிடும். அந்த ஒரு நாளுக்குள் நிரவி விதைத்தால் உண்டு. விதைக்கிற பட்டமும் அத்தோடு முடிந்துவிடும். ஒரு மாடு, ஒரே ஒரு மாடு பலகை இழுத்தால் போதும்.

காலையில் எல்லா வீட்டு ஆண்களும் அத்தை வாசலுக்குப் போனார்கள். அப்பாவை முன்னால் தள்ளினார்கள், அக்காவாயிற்றே என்று. எவரும் தோளில் துண்டு போட்டிருக்கவில்லை, கையில் பிடித்திருந்தார்கள். அம்மாவும் நானும் ஓரமாக நின்றோம். அத்தை மயிலைக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அது சத்தம் போட்டு உறிஞ்சியது. அவளுடைய கொல்லை அதற்குப் பின்னால் தெரிந்தது. ஒரு மூலையில் கொஞ்சம் கொத்தின மண், மற்றதெல்லாம் கோரையும் நெருஞ்சியும். மழையில் நனைந்து அதுவும் பதமாகத்தான் இருந்தது. ஆனால் உழாத மண்ணில் பலகை இழுத்து என்ன பயன்?

“அக்கா, மயிலையை இன்னிக்கு ஒரு நாள்…” என்றார் அப்பா.

அப்போது அத்தை பேசியதுதான் நான் ஆரம்பத்தில் சொன்னது. ஒத்தையில நின்னு என்னா பண்ணும்னு நெனைச்சியா என்று கேட்டாள். அம்மாதான் கும்பிட்டாள். “அண்ணி, எங்களுக்கு வேணாம். மத்த வூட்டுக் கொழந்தைங்களுக்காவது…”

“நீ சும்மா இரும்மா. உன்னை ஒண்ணும் கேக்கலை” என்றாள் அத்தை.

தவிட்டு வாளியைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். வீட்டுக்குப் பின்னால் போனாள். சுவரில் சாய்த்திருந்த பரம்புப் பலகையைத் தள்ளிச் சாய்த்துத் தரையில் போட்டாள். ஜோடி மாடு இழுக்கிற நீளப் பலகை. இரண்டு கொல்லைக்கும் பொதுவானது, மாமாவும் அப்பாவும் சேர்ந்து வாகை மரத்தில் செதுக்கியது. அதன் நடுவில் ஒரு காலை வைத்து, கோடாலியை எடுத்தாள்.

“அக்கா, வேணாங்கா!” அப்பா ஓடினார்.

“தள்ளு. இவ்ளோ நீளத்தை ஒத்தை மாடு எப்பிடிடா இழுக்கும்? ஜோடி இருக்கறவங்களுக்குத்தான் முழுப் பலகை.”

வெட்டினாள். காய்ந்த வாகை, லேசில் விடவில்லை. சிலும்பு எகிறி எங்கள் காலடியில் விழுந்தது. கோடாலியை வாங்க யாரோ கை நீட்டினார்கள், கொடுக்கவில்லை. இரண்டாகப் பிளந்து விழுந்ததும் ஒரு பாதியை எடுத்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டி, மயிலையின் கழுத்தில் சாக்கை மடித்து வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டாள். மாடு தன் வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

பலகை கனம் இல்லாமல் துள்ளியது. அத்தை கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். “பாப்பா, இங்க வா. ஏறி உக்காரு. உங்கப்பன் ஏறினா என் மாடு செத்துப்பூடும்.”

யாரோ சிரித்தார்கள், பாதியில் நிறுத்திவிட்டார்கள். நான் ஏறி உட்கார்ந்து கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். அத்தை மூக்கணாங்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நாக்கைத் தட்டினாள். தன் கொல்லை வரப்பை ஒட்டியே நடந்தாள், அந்தப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. அதைத் தாண்டி, எங்கள் கொல்லைக்குள் மாட்டை இறக்கினாள்.